போர்டைக் கழற்றும் முன் நியூட்ரலை அளந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஏப்ரல், மே மாத இடிமழை தொடங்கிவிட்டால் பெங்களூரு அடுக்ககங்களில் ஒரே புலம்பல்தான். "கரண்ட் போய் வந்தது, டிவியில படம் வருது, சவுண்ட்பார் வாயே திறக்கல." "ஆம்ப்ல உம்முனு சத்தம்." "போன்ல சொன்னா லைட் எரிய மாட்டேங்குது." பார்க்க வருகிறவர் பின்மூடியின் திருகைத் தொடுவதற்குள்ளேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்: "போர்டு போச்சு சார்." பழுதுநீக்கும் தொழிலில் இருக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். இப்படிச் சொல்லப்படும் பழுதுகளில் பலவற்றுக்கு அந்தப் பெட்டிக்குள் ஒரு காரணமும் கிடையாது. காரணம் அதற்கு வரும் மின்சாரத்திலோ, வயரிலோ, அமைப்புப் பட்டியலில் மாறிப்போன ஒரு வரியிலோ இருக்கும். கடிதம் நீளம்தான், பொறுத்தருள வேண்டும்.

முதலில் நம் ஊர் அடுக்ககத்தில் மின்சாரம் வரும் வழியைப் பார்ப்போம். பெங்களூருவின் மின் விநியோக நிறுவனமான பெஸ்காமின் சப்ளை நின்றால் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கிப் பாரம் ஏற்கப் பத்து முதல் முப்பது விநாடி ஆகும். அதன்பின் ஒவ்வொரு வீட்டுக்கும் இத்தனை வாட்தான் என்று அளந்து கொடுக்க, மீட்டருக்குப் பக்கத்திலோ வீட்டின் மின் பகிர்வுப் பெட்டியான டிபி பெட்டியிலோ ஏசிசிஎல் என்று ஒரு சின்னக் கருவி இருக்கும். ஜெனரேட்டரில் ஓடும்போது அந்த வரம்பை மீறி மிக்ஸியையோ இஸ்திரிப் பெட்டியையோ போட்டால் அது சப்ளையை வெட்டும், சில விநாடி கழித்துத் திரும்பக் கொடுக்கும், பாரம் குறையாவிட்டால் மறுபடி வெட்டும். வீட்டில் இருப்பவர்களுக்கு விளக்கு நாலு தடவை கண்ணடித்தது போலத்தான் தெரியும். டிவி, செட்டாப் பாக்ஸ், சவுண்ட்பார், ரவுட்டர் ஆகியவற்றுக்கோ அது பாதி எழுந்த நிலையில் நாலு முறை அடித்துப் படுக்க வைப்பது போல. எச்டிஎம்ஐ வயரில் கோத்த கருவிகள் எழுந்ததும் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும்: நீ யார், என்ன படத் தரம் தாங்குவாய், பதிவுத் தடுப்புச் சாவி இருக்கிறதா என்று. இந்த விசாரணை பாதியில் அறுந்தால் கருப்புத் திரை, சத்தமில்லாத படம், "சிக்னல் இல்லை" என்ற எழுத்து, இவற்றில் ஏதாவது ஒன்று வரும்.

இதற்கு மருந்து ரிமோட்டில் இல்லை. ரிமோட்டில் அணைத்த கருவி தூங்குவதில்லை, கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். எல்லாப் பிளக்கையும் சுவரிலிருந்து உருவி ஐந்து நிமிடம் விடுங்கள். உள்ளே கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரம் வடிய அந்த நேரம் வேண்டும். பிறகு முதலில் டிவி மட்டும். அதன் முகப்புத் திரை முழுதாக வந்தபின் சவுண்ட்பார் அல்லது ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்). கடைசியில் செட்டாப் பாக்ஸ். வரிசை மாறினால் திரும்பவும் அதே கோளாறு வரலாம்.

அப்படியும் சரியாகவில்லை என்றால் மல்டிமீட்டரை எடுக்க வேண்டும். "டெஸ்டர் எரியுது, கரண்ட் வருது" என்பது ஒரு சோதனையே இல்லை. நியான் டெஸ்டர் ஃபேஸை, அதாவது மின்சாரம் வரும் வயரைத்தான் காட்டும்; அது திரும்பிப் போகும் நியூட்ரலைப் பற்றியோ, பூமிக்குப் போகும் பாதுகாப்பு வயரான எர்த்தைப் பற்றியோ ஒன்றும் சொல்லாது. கேட் 3 (CAT III) என்ற பாதுகாப்புத் தரமும் 600 வோல்ட் என்றும் அச்சிட்ட மீட்டராகப் பார்த்து வாங்குங்கள். சிவப்பு வயர் வோல்ட் துளையில்தான் இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். 10 ஆம்பியர் துளையில் செருகி பிளக் பாயிண்ட்டை அளந்தால் அது நேரடி ஷார்ட். கை பழகாதவர்கள் எலெக்ட்ரீஷியனை அளக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

டிவி இருக்கும் பிளக் பாயிண்ட்டில் மூன்று அளவு எடுக்க வேண்டும். ஃபேஸ்–நியூட்ரல் 230 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். ஃபேஸ்–எர்த் கிட்டத்தட்ட அதே அளவு. நியூட்ரல்–எர்த் 2, 3 வோல்ட்டுக்குள். மூன்றையும் கீசரோ ஏசியோ ஓடும்போது எடுங்கள். பாரம் இல்லாதபோது எல்லா வயரும் நல்ல வயர்தான். நியூட்ரல்–எர்த் 5 வோல்ட்டைத் தாண்டினால் எங்கோ நியூட்ரல் திருகு தளர்ந்திருக்கிறது, அல்லது ஒல்லி வயரில் அளவுக்கு மீறிப் பாரம் ஓடுகிறது. ஃபேஸ்–எர்த் 100, 120 என்று நின்றால் அந்த எர்த் துளை பொம்மைத் துளை; பின்னால் வயர் எங்கும் போய்ச் சேரவில்லை.

இதே மூன்றையும் ஜெனரேட்டர் ஓடும்போது மறுபடி எடுக்க வேண்டும். பெரும்பாலோர் இதைச் செய்வதே இல்லை. பெஸ்காமில் ஃபேஸ்–எர்த் 230, ஜெனரேட்டரில் 130 என்று வந்தால் ஜெனரேட்டரின் நியூட்ரல் எர்த் குழிக்கு ஒழுங்காகப் போகவில்லை. கரண்ட் போனபோது மட்டும் ஸ்பீக்கர் உறுமுவதும், டிவியின் உலோக ஓரத்தைத் தொட்டால் விரல் நுனியில் சுரீர் என்பதும் பல இடங்களில் இதனால்தான்.

எல்லாவற்றையும்விட ஆபத்து, மூன்று ஃபேஸ் வரும் கட்டடத்தில் பொது நியூட்ரல் அறுந்துபோவது. அப்போது குறைந்த பாரம் உள்ள வீட்டுக்கு 300, 350 என்று 400 வரைகூட ஏறிவிடும். டிவியின் உள் சப்ளை 100 முதல் 240 வோல்ட் வரை தானே சமாளிக்கும். அதனால் எல்இடி டிவிக்குத் தனி ஸ்டெபிலைசர் பெரும்பாலும் வீண் செலவு. 350 வோல்ட்டை எந்த டிவியும் தாங்காது. அந்தக் காசுக்கு டிபி பெட்டியில் ஒரு அதிக வோல்ட் துண்டிப்பானும், இடி அலையைத் தாங்க டைப் 2 சர்ஜ் கருவியும் போடலாம். சர்ஜ் கருவி இடியைத் தள்ளிவிடுவதே எர்த் வயருக்குத்தான். எர்த் இல்லாத வீட்டில் அது சும்மா ஒரு பெட்டி.

ஒன்றைக் கண்டித்தே ஆக வேண்டும். எர்த் இல்லாத பழைய வீடுகளில் பிளக் பாயிண்ட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டு, "இப்ப எர்த் வந்துருச்சு" என்று காசு வாங்கிக்கொண்டு போகிறார்கள். மீட்டரில் நியூட்ரல்–எர்த் சுத்தமாகப் பூஜ்யம் காட்டும். என்றாவது நியூட்ரல் அறுந்தால் ஆம்ப், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றின் உடம்பிலும் முழு ஃபேஸ் ஏறி நிற்கும். பாரம் போட்டபோதும் அந்த அளவு அசையாமல் பூஜ்யமாகவே இருந்தால் சந்தேகப்படுங்கள்.

இனி உறுமலுக்கு வருவோம். சத்தக் குமிழைத் திருப்பிப் பாருங்கள். உறுமலும் ஏறி இறங்கினால் அது ஆம்புக்கு வெளியிலிருந்து, அல்லது குமிழுக்கு முந்திய பகுதியிலிருந்து வருகிறது. குமிழ் பூஜ்யத்தில் இருந்தும் மாறாமல் நின்றால் ஆம்பின் சப்ளைப் பகுதியைச் சந்தேகிக்கலாம். சுருதி கேட்டுப் பழகியவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: எர்த் சுற்றால் (இரண்டு எர்த் வழிகளுக்கு நடுவே மின்சாரம் ஓடுவதால்) வரும் உறுமல் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ், ஃபில்டர் கெப்பாசிட்டர் வற்றியதால் வருவது 100 ஹெர்ட்ஸ். முதலாவதை மந்தர ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் இரண்டாவது சரியாக மத்திய ஸட்ஜத்தில் நிற்கும். இரண்டுமில்லாமல் "சர்ர்" என்று வண்டு போல் இரைந்தால் ஃபேன் ரெகுலேட்டரையும் விளக்கு டிம்மரையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

எர்த் சுற்றைப் பிடிக்க, ஆம்பில் ஸ்பீக்கர் வயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டுங்கள். பெரும்பாலும் குற்றவாளி செட்டாப் பாக்ஸின் பின்னால் வரும் கோஆக்ஸ் வயர்தான். மொட்டை மாடி டிஷ்ஷின் உலோகத் தண்டிலிருந்து ஒரு எர்த்தை அது சுமந்து வருகிறது. பிளக்கின் மூன்றாவது முள் இன்னொரு எர்த்தைத் தருகிறது. இரண்டுக்கும் நடுவே அரை வோல்ட் வித்தியாசம் இருந்தாலே ஆடியோ வயரின் உறை வழியாக மின்சாரம் ஓடி ஸ்பீக்கரில் பாடும். கோஆக்ஸைத் திருகிக் கழற்றியதும் அமைதி வந்தால் முடிவாகிவிட்டது. டிவிக்கும் ஆம்புக்கும் நடுவே ஆப்டிகல் வயர் போட்டால் போதும். ஒளிக்கு எர்த் தெரியாது. ஒரு குறை, அந்த வயரில் சாதாரண 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) ஒலி வரைதான் போகும், டால்பி அட்மாஸ் போகாது. ஆர்சிஏ வயர்தான் வேண்டும் என்றால் நடுவில் எர்த் பிரிப்பான் டிரான்ஸ்ஃபார்மர் போடலாம், எஸ்.பி. ரோடு கடைகளில் 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' என்று கேட்டால் தருவார்கள். பிளக்கின் எர்த் முள்ளை வெட்டினாலும் உறுமல் நிற்கும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

எச்டிஎம்ஐ வயரை மாட்டும் முன் இரண்டு பக்கக் கருவிகளின் பிளக்கையும் உருவிவிடுங்கள். இரண்டு முள் பிளக் கொண்ட கருவிகளின் உடம்பு சப்ளை வோல்ட்டில் கிட்டத்தட்டப் பாதியில் மிதந்துகொண்டிருக்கும். மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் ஆளுக்குச் சுரீர் என்பதோடு போய்விடும். எச்டிஎம்ஐ உள்ளே இருக்கும் சில்லுக்கு அந்தச் சுரீர் போதும், சாவதற்கு.

சவுண்ட்பாரில் சத்தம் வராவிட்டால் டிவியில் எந்தத் துளையில் ஏஆர்சி அல்லது இ-ஏஆர்சி என்று அச்சிட்டிருக்கிறதோ அதில்தான் வயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்தது சிஇசி, எச்டிஎம்ஐ வயர் வழியே கருவிகள் ஒன்றையொன்று இயக்கும் வசதி. சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்று ஆளுக்கொரு பெயர். அது அணைந்திருந்தால் பல டிவிகளில் ஏஆர்சி எழாது. கரண்ட் போய் வந்தபின் சில டிவிகள் ஒலி வெளியீட்டைத் தாமாகவே உள் ஸ்பீக்கருக்கு மாற்றிக்கொள்ளும், அதையும் பாருங்கள். பென் டிரைவ் படத்தில் மட்டும் சத்தமில்லை என்றால் அந்தக் கோப்பின் ஒலி டிடிஎஸ் ஆக இருக்கலாம். சில டிவிகள் அதைப் பிரித்தறியாது. இசை காதைப் பிளக்கிறது, வசனம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிறது என்றால் இரண்டே ஸ்பீக்கர் உள்ள வீட்டில் பெட்டி 5.1 அனுப்பிக்கொண்டிருக்கும். பிசிஎம் ஸ்டீரியோ என்று மாற்றினால் நடு ஸ்பீக்கருக்குரிய வசனம் இரு பக்கமும் பிரிந்து வரும்.

உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம் என்று போவதில் இரண்டு வகை. சத்தம் முந்தினால் சவுண்ட்பாரின் ஒலித் தாமத அமைப்பில் பத்துப் பத்து மில்லிவிநாடியாகக் கூட்டுங்கள். சத்தம் பிந்தினால் அந்தத் தாமத அமைப்பால் அதை முன்னுக்கு இழுக்க முடியாது. புளூடூத் என்றால் வயருக்கு மாறுங்கள். வயர்தான் என்றால் டிவியில் ஒலியைப் பிரிக்காமல் அப்படியே அனுப்பும் பாஸ்-த்ரூ வழியைத் தேர்ந்தெடுங்கள். காதும் கண்ணும் சத்தம் பிந்துவதை ஓரளவு பொறுக்கும், முந்துவதைப் பொறுக்காது. மின்னலுக்குப் பின்தானே இடி.

4கே படம் சில நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு நொடி கருத்துப்போவது, திரையில் வெள்ளைப் பொரி பறப்பது, இவை வயர் நோய். பெட்டியின் வெளியீட்டை 1080க்கு இறக்குங்கள். நின்றுவிட்டால் அந்த வயரால் 18 கிகாபிட் இழுக்க முடியவில்லை. சாதாரணச் செம்பு வயர் ஐந்து மீட்டருக்கு மேல் நம்பத்தக்கதல்ல. சுவருக்குள் பத்து, பதினைந்து மீட்டர் போகவேண்டுமானால் ஒளியிழை எச்டிஎம்ஐ வேண்டும். அதில் பெட்டிப் பக்கம், டிவிப் பக்கம் என்று முனை அச்சிட்டிருக்கும், மாற்றிப் போட்டால் படமே வராது. வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எச்டிஎம்ஐ முனையே கிட்டத்தட்ட 20 மில்லிமீட்டர் அகலம். முக்கால் அங்குலக் குழாயைப் புதைத்துவிட்டுப் பிறகு அழக்கூடாது. ஒன்றரை அங்குலக் குழாய், முழங்கை வளைவு இல்லாமல்.

சத்தம் வருகிறது, படம் இல்லை என்றால் அறையை இருட்டாக்கித் திரையில் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். நிழல் போலப் படம் தெரிந்தால் பேனல் உயிரோடு இருக்கிறது. பின்னொளி எல்இடி பட்டையோ அதை ஓட்டும் பகுதியோதான் போயிருக்கிறது. இதற்குப் புதுப் பேனல் விலை சொல்பவரை அனுப்பிவிடலாம். திரையில் கோடு விழுந்தால் டிவியின் சொந்த மெனுவைத் திறந்து பாருங்கள். மெனுவிலும் கோடு இருந்தால் டிவி, இல்லையென்றால் வெளிப்பெட்டி அல்லது வயர். பின்மூடியை நீங்களே திறக்க வேண்டாம்: முதன்மைக் கெப்பாசிட்டரில் 325 வோல்ட் தேங்கி நிற்கும், பிளக்கை உருவிய பிறகும் சிறிது நேரம்.

டிஷ் பற்றிச் சுருக்கமாக. மழை பெய்யும்போது மட்டும் போனால் அது வானத்தின் வேலை. மழை நின்று இரண்டு நாளாகியும் வராவிட்டால் கோஆக்ஸ் வயரின் திருகு முனையான எஃப் கனெக்டரில் தண்ணீர் இறங்கியிருக்கலாம். வெட்டிப் புதுசு போட்டு, வயரைக் கனெக்டருக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டுக் கட்டினால் நீர் அங்கேயே சொட்டிவிடும். மார்ச்சிலும், செப்டம்பர் இறுதி முதல் அக்டோபர் தொடக்கம் வரையிலும் சில நாள், பகலில் ஒரே நேரத்தில் சில நிமிடம் படம் உடைந்தால் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் நிற்கிறது. அதற்கு ஆளை அழைத்துக் காசு கொடுக்க வேண்டாம்.

ஸ்மார்ட் விளக்கு, ஸ்மார்ட் சுவிட்ச் கதையும் ஜெனரேட்டரில்தான் தொடங்குகிறது. பல ஸ்மார்ட் பல்புகளை மூன்று முதல் ஐந்து முறை தொடர்ந்து அணைத்துப் போட்டால் பழைய வைஃபையை மறந்துவிட்டுப் புதிதாகச் சேர்க்கச் சொல்லி மினுக்கும். ரீசெட் செய்வதற்கென்றே கம்பெனி வைத்த வழி அது. ஏசிசிஎல் நாலு தடவை வெட்டி ஒட்டினாலும் பல்புக்கு அதே கட்டளைதான். பேய் பிடித்தது போல மினுக்கும் பல்பில் பழுது ஒன்றுமில்லை. இன்னொன்று: பல்பு சில நொடியில் எழுந்துவிடும், ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் எழ இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் தேடிச் சலித்த மலிவுக் கருவிகள் அப்படியே முடங்கிவிடுவதுண்டு. ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் சேர்த்து ஒரு 12 வோல்ட் குட்டி யுபிஎஸ் வைத்தால் பாதித் தொல்லை தீரும். வாங்கும் முன் இரண்டு அடாப்டரிலும் அச்சிட்டிருக்கும் ஆம்பியரைக் கூட்டுங்கள். ஒன்று 1, மற்றது 1.5 என்றால் 2 ஆம்பியர் யுபிஎஸ் பத்தாது. ஒரு அடாப்டர் 9 வோல்ட் என்றால் அதன் கருவியை யுபிஎஸ்ஸின் 12 வோல்ட் துளையில் செருகவே கூடாது. நள்ளிரவில் கரண்ட் வந்ததும் வீடே தீபாவளியாக எரிந்தால், ஆப்பில் 'மின்சாரம் திரும்பியபின் நிலை' என்ற அமைப்பைத் தேடி 'முந்தைய நிலை' என்று வையுங்கள்.

புதுக் கருவி சேரவே மாட்டேன் என்றால் அது பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறிந்த கருவி. போனோ 5 கிகாஹெர்ட்ஸில் நிற்கும். ரவுட்டரில் இரண்டுக்கும் தனிப் பெயர் கொடுத்து, பாதுகாப்பை டபிள்யூபிஏ2 என்று வைத்து, 2.4ஐ 1, 6, 11 ஆகிய சேனல்களில் ஒன்றில், 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் நிறுத்துங்கள். பில்டர்கள் வாசற்கதவுக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டி வைத்து அதற்குள் ஃபைபரைக் கொண்டுவந்து விடுகிறார்கள். ரவுட்டரையும் அதற்குள் வைத்துப் பூட்டிவிட்டு, படுக்கையறையில் வைஃபை இல்லை என்று புதுப் பெட்டி வாங்குபவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர். ஒரு லேன் வயர் இழுத்து ரவுட்டரைக் கூடத்துக்குக் கொண்டுவந்தால் போதும்.

வீட்டுப் பெரியவர்கள் படுக்கும் முன் சுவிட்சை அணைப்பதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அது நல்ல பழக்கம். ஸ்மார்ட் பல்புக்கு மட்டும்தான் அது ஆகாது. இப்படிப் பழகியவர்கள் இருக்கும் வீட்டில் பல்பை மாற்றாமல், சுவிட்சுக்குப் பின்னால் மாட்டும் ஸ்மார்ட் மாட்யூலாகப் போட்டால் வீட்டில் சண்டை இல்லை. அதற்குச் சுவிட்ச் போர்டுக்குள் நியூட்ரல் வயர் வேண்டும். பழைய வீடுகளில் இருக்காது. நியூட்ரல் வேண்டாத வகையைப் போட்டால் அணைத்த பின்னும் எல்இடி மங்கலாக எரியலாம், விளக்கோடு இணையாக பைபாஸ் கெப்பாசிட்டர் வைத்தால் நிற்கும். கீசருக்கு 16 ஆம்பியருக்குக் குறைந்த வகை எதுவும் கூடாது. 2 கிலோவாட் கீசரே 9 ஆம்பியரை நெருங்கும். 6 ஆம்பியர் ரிலே (மாட்யூலுக்குள் இருக்கும் சுவிட்ச்) உருகி ஒட்டிக்கொண்டால் ஆப் 'ஆஃப்' என்று காட்டும், கீசர் கொதித்துக்கொண்டிருக்கும். பிஎல்டிசி ஃபேனை எந்த ரெகுலேட்டருக்குப் பின்னாலும், ஸ்மார்ட் ரெகுலேட்டர் உட்பட, போடாதீர்கள்.

இத்தனையும் பார்த்தபிறகு ஆள் வந்து போர்டு மாற்றத்தான் வேண்டும் என்றால், மாட்டும் முன் பிளக் பாயிண்ட் அளவைக் கேளுங்கள், பில்லில் போர்டு எண்ணை எழுதச் சொல்லுங்கள், பழைய போர்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நியூட்ரல் கோளாறு மீட்டருக்கு முன்னால் இருந்தால் பெஸ்காமின் 1912.

அடுக்கக அசோசியேஷன்களிடம் உங்கள் நாளிதழ் மூலமாக ஒன்று கேட்கிறோம். லிஃப்டுக்கும் ஜெனரேட்டருக்கும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போடுகிறீர்கள். அந்த ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்து, மீட்டர் அறைக் கதவின் உள்பக்கம் ஒரு அட்டை ஒட்டச் சொல்லுங்கள்: பெஸ்காமில் நியூட்ரல்–எர்த் வோல்ட், ஜெனரேட்டரில் நியூட்ரல்–எர்த் வோல்ட், எர்த் குழியின் ஓம், பொது நியூட்ரல் திருகைக் கடைசியாக முறுக்கிய தேதி. ஓம் 5ஐத் தாண்டினால், மார்ச் முதல் மழை வரும்வரை எர்த் குழிக்கு வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றவும் வாட்ச்மேனிடம் சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
வீட்டு ஒலி, ஒளிக் கருவிகள் பழுதுநீக்குவோர் சிலர்,
ஹலசூரு, பெங்களூரு.